கள்ளைப் பற்றிக் கேட்டபோது சிரித்தவர்களுக்கு

தடையற்ற சந்தை மாநாட்டு அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் சென்னையில் நீங்கள் நடத்திய இரண்டு நாள் மாநாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தீர்கள், அதில் என் பெயருக்குக் கீழே 'வலைப்பதிவர்' என்று அச்சடித்திருந்தது. பேச்சாளர்களுக்கு நீல நாடா, பணம் கொடுத்தவர்களுக்குத் தங்க நிற நாடா, என்னைப் போல எழுதுகிறவர்களுக்குச் சாம்பல் நாடா. எல்லாம் முடிந்து நாலாம் நாள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சார், மாநாட்டைப் பத்தி நல்லதா ஒரு பதிவு போட்டுட்டு லிங்க் அனுப்புங்க, உங்க பயணப்படியையும் சேர்த்து முடிச்சிடலாம்" என்றார். பாவம், அவர் வேலை அது. இதுதான் அந்தப் பதிவு. நல்லதாக வந்திருக்கிறதா என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ தோழர் சாம்பல் நாடா போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் உங்கள் பக்கத்து ஆள். வீடு கட்ட சிமெண்டுக்கும், கல்யாணத்துக்குச் சர்க்கரைக்கும் தாலுகா ஆபீஸில் பர்மிட்டுக்கு நின்ற கதைகளை என் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். அத்தை கல்யாணத்தில் சர்க்கரை பர்மிட் வர மூன்று நாள் தாமதமானதால் லட்டு வெல்லத்தில் உருட்டப்பட்டது என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். அந்த லட்டைச் சாப்பிட்ட யாருக்கும் லைசென்ஸ் ராஜ்ஜியம் என்றால் என்னவென்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் ராத்திரி பஸ் ஏறி வந்தேன்.

பொள்ளாச்சியிலிருந்து வந்து விடிகாலை கிளாம்பாக்கத்தில் இறங்கி ஓட்டலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஆட்டோக்காரர் சொன்ன தொகைக்கு நான் ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013-ல் அரசு ஒரு கட்டணம் நிர்ணயித்தது, பெட்ரோல் விலை எங்கோ போயும் அந்தக் கட்டணம் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது, கடைசியில் மீட்டர் என்பதே வண்டியில் ஒரு அலங்காரப் பொருளாகிவிட்டது. நான் ஷேர் ஆட்டோவில் வந்தேன். அவற்றில் பலவற்றுக்கு அப்படி ஆள் ஏற்றி இறக்கப் பெர்மிட்டே கிடையாது, ஆனால் பாதி சென்னை அதில்தான் வேலைக்குப் போகிறது. முழங்காலோடு முழங்கால் இடிக்க ஏழு பேர் உட்கார்ந்து வந்த அந்த முக்கால் மணி நேரத்தில், நீங்கள் இரண்டு நாள் பேசப்போகிற விஷயத்தில் பாதியைப் பார்த்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

மேடைக்குப் பின்னால் ராஜாஜி படம், ஆள் உயரத்துக்கு. கறுப்புக் கண்ணாடி, கைத்தடி. இந்த ஊரில்தான் 1959 ஜூனில், அரசுக் கட்டுப்பாடுகளை எதிர்க்க அவர் ஆரம்பித்த சுதந்திராக் கட்சி பிறந்தது, பக்கத்தில் மினு மசானியும் என்.ஜி. ரங்காவும் நின்றார்கள், எட்டே வருஷத்தில் 1967 தேர்தலில் 44 எம்.பி.க்களோடு நாடாளுமன்றத்தின் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது, 1974-ல் இன்னொரு கட்சியில் கரைந்து காணாமல் போனது. இதையெல்லாம் தொடக்க உரையில் அழகாகச் சொன்னீர்கள். முதல் நாள் மத்தியானம் ஒரு வக்கீல் பேசினாரே, இரண்டு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவைப் பற்றிப் பேசினார். 1989 முதல் இந்தியாவில் எந்தக் கட்சியைப் பதிவு செய்தாலும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் மூன்றுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று கட்சியின் சட்டதிட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ராஜாஜி இன்று எழுந்து வந்து அதே கட்சியை ஆரம்பிக்க நினைத்தால் சோஷலிசத்துக்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சோஷலிசத்தை எதிர்க்க முடியும்! அரசியல் சாசன முகப்புரையில் 1976-ல் நுழைந்த 'சோஷலிச' என்ற சொல்லை எடுக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும் அவர் சொன்னார். கோபப்படாமல், நீதிபதிகளைக் குறை சொல்லாமல், சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை என்ன என்று மட்டும் சொன்னார். அவர் பேசும்போது ஹாலில் முப்பது பேர் இருந்திருப்போம். மற்றவர்கள் வெளியே காபி குடித்துக்கொண்டு விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஹால் நிரம்பியது அடுத்த அமர்வில். தங்க நாடா போட்ட ஒரு பஞ்சாலை அதிபர் பேசினார். நல்ல பேச்சாளர், எங்கள் கொங்கு ஆள் என்பது ரெண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது, ஆங்கிலத்துக்குள்ளும் அந்த இழுவை போகாது. பஞ்சுக்கு 2021 பட்ஜெட்டில் போட்ட 11 சதவீத இறக்குமதி வரியை ஒரு பிடி பிடித்தார். உலகத்தில் எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குவது வியாபாரியின் உரிமை, அதில் அரசு குறுக்கே நிற்க என்ன இருக்கிறது என்றார். நானும் கைதட்டினேன். பத்து நிமிஷம் கழித்து அதே மனிதர் அதே குரலில், வெளிநாட்டு நூலும் துணியும் வந்து குவிகிறது, அதற்கு வரியை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்நாட்டுத் தொழில் அழிந்துவிடும் என்றார். கைதட்டல் முன்னைவிடப் பலமாக இருந்தது. பஞ்சு விளைவிக்கிறவனுக்குப் போட்டி நல்லது, நூல் நூற்கிறவருக்குப் போட்டி கெட்டது. இது எப்படி என்று மேடையில் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அடுத்து பேசியவர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாடு அவர் உபயம் என்பதை நினைவூட்டினார்.

சரி, அவரை மட்டும் சொல்வானேன். எங்கள் பக்கத்துத் தென்னை விவசாயிகள் என்ன கேட்கிறோம்? பாமாயில் இறக்குமதிக்கு வரியை ஏற்று என்கிறோம். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலை நிறுத்தித் தேங்காய் எண்ணெய் கொடு என்கிறோம். கொப்பரையை ஆதார விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளட்டும் என்கிறோம். நானே ஒரு முறை பொள்ளாச்சியில் ஆர்ப்பாட்டத்தில் தேங்காய் உடைத்திருக்கிறேன். என் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் பில் கிடையாது, 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற தைரியம் எனக்கும் இல்லை. ஆக நான் சுத்தமானவன் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் வரவில்லை. ஆனால் நான் தடையற்ற சந்தை மாநாடு நடத்தவில்லை.

இனி அந்தக் கேள்வி.

இரண்டாம் நாள் கடைசி அமர்வு, தொழில் தொடங்கும் சுதந்திரம் பற்றி. நெறியாளர் 'ஒரே ஒரு கேள்விக்கு நேரம் இருக்கிறது' என்றார், மைக் என் கைக்கு வந்தது. தமிழில்தான் கேட்டேன். (இரண்டு நாளில் அந்த ஹாலில் தமிழ் கேட்டது மூன்று தடவை: தமிழ்த்தாய் வாழ்த்து, சாப்பாட்டு வரிசை, அப்புறம் நான்.) "என் தோட்டத்தில் என் அப்பா வைத்த தென்னை மரத்தில் ஊறும் கள்ளை நான் விற்க முடியாது. 1987-லிருந்து தமிழ்நாட்டில் அது குற்றம். அரசு மட்டும் தன் கடையில் சரக்கு விற்கலாம். தொழில் சுதந்திரம் பேசும் இந்த மேடை இதைப் பற்றி என்ன நினைக்கிறது?" இவ்வளவுதான் கேட்டேன். 'கள்' என்ற சொல் வந்ததுமே முன்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. நெறியாளர் சிரித்துக்கொண்டே, முதன்முதலாகத் தமிழுக்கு மாறி, "நைட் டின்னர் இருக்கு சார், அவசரப்படாதீங்க" என்றார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது, மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு மனுஷன் சிரித்ததற்கு இவ்வளவு நீள மடலா என்று கேட்கலாம். சிரிக்கிற விஷயமாக அது ஏன் ஆனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்கூட இல்லை. அதைத் தாண்டினால் கேரளம், பாலக்காடு ஜில்லா, சித்தூர் வட்டம். இந்தப் பக்கம் எந்த மண்ணோ அந்தப் பக்கமும் அதே மண், அதே தென்னை, அதே மேற்கு மலையில் இருந்து வரும் காற்று. அங்கே மரத்துக்கு மரம் முட்டி (கள் இறக்கும் பானை) கட்டியிருக்கும், காலையில் கள் இறங்கும், வண்டியில் ஏறி மற்ற ஜில்லாக்களுக்குப் போகும், ரோட்டோரக் கள்ளு ஷாப்பில் கப்பையும் மீன் கறியும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கேயும் அரசு உரிமம் வாங்கியவர்தான் கள் எடுக்க முடியும், தோட்டக்காரர் தானே கடை போட முடியாது, ஆகவே அதை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மரத்துக்கு இவ்வளவு என்று தோட்டக்காரருக்கு ஒரு தொகை வருகிறது, மரம் ஏறுகிறவருக்கு நல நிதி வாரியம் இருக்கிறது, அவர் பகலில் தலை நிமிர்ந்து வேலைக்குப் போகிறார். இந்தப் பக்கம் அதே வேலையைச் செய்தால் ஜீப் வரும்.

எங்கள் ஊரில் மரம் ஏறும் ஒரு அண்ணன் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். இடுப்பில் பெட்டி, அதில் பாளை சீவும் கத்தி, அந்தக் கத்தியைத் தீட்டுவதற்கென்று வெள்ளைக் கல் பொடி. விரியாத பாளையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நாரால் இறுக்கிக் கட்டி, சில நாள் மெதுவாகத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, அப்புறம் நுனியைச் சீவ ஆரம்பிப்பார். சீவுவது என்றால் வெங்காயத் தோல் அளவுக்குத்தான், காலையில் ஒரு சீவு, சாயங்காலம் ஒரு சீவு, தினமும். நல்ல மரம் என்றால் நாளைக்கு ஒன்றரை இரண்டு லிட்டர் ஊறும். இப்போது அவர் புளிக்காத தெளுவுதான் இறக்குகிறார், 2017-ல் அரசு அதற்கு 'நீரா' என்று பெயர் வைத்து விதிமுறை கொண்டுவந்த பிறகு ஒரு உற்பத்தியாளர் கம்பெனிக்காக. விவசாயி தனியாக இறக்கித் தன் தோட்டத்து வாசலில் சொம்பு வைத்து விற்க முடியாது, கம்பெனி வழியாகத்தான். அதற்கு முன்னால் கள் இறக்கிக்கொண்டிருந்தார், எல்லாருக்கும் தெரிந்து, யாருக்கும் தெரியாமல்.

தெளுவுக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் முட்டியின் உள்பக்கத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இனிப்பாக இறங்கும், புளிக்காது. தடவாமல் கட்டினால் மரத்திலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும், வெயில் ஏற ஏறக் கள்ளாகும். பாளை ஒன்று, ஆள் ஒருவர், கத்தி ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் உடம்புக்கு நல்லது, இல்லாவிட்டால் கைது. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்குள் போலீஸ் வந்து பதினோரு முட்டியைக் கீழே இறக்கச் சொல்லி வரிசையாக உடைத்துவிட்டுப் போனார்கள். அந்த இடத்தில் ரெண்டு நாள் ஈ மொய்த்தது. அண்ணன் என்னிடம் கேட்டது இது: "ஏனுங்க தம்பி, டாஸ்மாக் கடை பாட்டில யாராச்சும் இப்படி ஒடைப்பாங்களா?"

டாஸ்மாக்கின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1983-ல் மொத்த விற்பனைக்காக ஆரம்பித்த அரசு நிறுவனம், 2003-ல் சில்லறைக் கடைகளும் முழுக்க அதன் கைக்கு வந்தன, இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம். இப்படி ஒரு ஏகபோகம் சிமெண்டிலோ செல்போனிலோ இருந்திருந்தால் உங்கள் மேடையில் ரெண்டு அமர்வு அதற்கென்றே ஒதுக்கி, வரைபடம் போட்டுக் கிழித்திருப்பீர்கள். விற்கிறவர் ஒருவர், வாங்க வேறு வழியில்லை, எந்த பிராண்ட் கடைக்கு வரும் என்பதையும் விற்கிறவரே முடிவு செய்கிறார், போட்டிக்கு வரக்கூடிய மலிவான உள்ளூர்ப் பொருளைச் சட்டம் போட்டே வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு கச்சிதமான உதாரணம். இரண்டு நாளில் அந்த நிறுவனத்தின் பெயர் மேடையில் ஒரு முறைகூட வரவில்லை. சாராயத்தைப் பற்றிப் பேசினால் அந்தஸ்து போய்விடும் என்ற கூச்சமா, அல்லது சரக்கு தயாரிக்கிற தரப்பு யாராவது தங்க நாடாவில் இருந்தார்களா, எனக்குத் தெரியாது, ரெண்டாவதை நான் சும்மா ஒரு வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மேடைப் படத்துக்கு வருகிறேன். ராஜாஜி பெயரைச் சொல்லிவிட்டுக் கள்ளைப் பற்றிச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பில் ஒரு கூடுதல் வேடிக்கை இருக்கிறது. இந்த மாகாணத்தில் கள்ளுக்கடையை முதலில் மூடியவரே அவர்தான். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக (முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர்) வந்த சில மாதத்தில், அக்டோபர் 1-ஆம் தேதி, தன் சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கலால் வருமானம் போயிற்று, அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி என்ற ஒன்றைப் போட்டார். இந்தியாவில் அப்படி ஒரு வரியைப் போட்ட முதல் மாகாணம் நம்முடையது. ஆக லைசென்ஸ் ராஜ்ஜியத்தை எதிர்த்த மகானின் கணக்கில் கள்ளுக்கடை மூடலும் விற்பனை வரியும் இருக்கின்றன. உங்கள் தொடக்க உரை 1937-லிருந்து நேராக 1952-க்குத் தாவியபோதே நினைத்தேன், இடையில் எதையோ பாயின் கீழ் தள்ளுகிறார்கள் என்று.

அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. மதுவிலக்கில் அவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் மனிதர் வருமானம் போகும் என்று தெரிந்தே கையை வைத்தார். 1952-ல் மறுபடி முதலமைச்சராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். அரிசி விலை எங்கே போகுமோ, சனங்கள் பட்டினி கிடப்பார்களோ என்று எல்லாரும் பயந்த நேரம் அது, பதவியில் உட்கார்ந்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை. அரிசி வந்தது. தில்லியில் உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாயும் அதே வழியில் நாடு முழுக்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். இரண்டு காரியத்திலும், ஒன்று எனக்குப் பிடிக்காதது, ஒன்று பிடித்தது, தனக்கு நஷ்டம் வரக்கூடிய இடத்தில்தான் அவர் கை வைத்தார். உங்கள் இரண்டு நாளில் யாருக்காவது நஷ்டம் வரும்படி ஒரு வாக்கியம் பேசப்பட்டதா? 1991-ல் வந்த பொருளாதாரத் தாராளமயத்தைப் பற்றி ஒன்பது பேர் பேசினார்கள், எண்ணினேன். 1991 நடந்து முடிந்துவிட்டது, அதைப் பாராட்டுவதற்கு இப்போது யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் அந்த டின்னர்.

ஏழரை மணிக்கு மொட்டைமாடி நீச்சல் குளத்தருகே ஆரம்பித்தது. நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்எல்-3 என்ற மது உரிமம் உண்டு, ஆகவே எல்லாம் சட்டப்படி. விஸ்கி, ஒயின், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒன்று எலுமிச்சை இலை போட்டு. நெறியாளர் கையில் கிளாஸோடு வந்து என் தோளைத் தட்டி, "தப்பா எடுத்துக்காதீங்க பிரதர், லைட்டாதான் சொன்னேன்" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் இருந்த கிளாஸில் ஐஸ் கட்டி உருகிக்கொண்டிருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் குடிப்பதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஜீப் வருமா என்று பார்க்கவில்லை. எனக்கு ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ் போதும் என்றேன். நான் குடிக்க மாட்டேன், கள்ளும்தான்.

இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலை உங்களைவிட என் அம்மா கவனமாகப் படிப்பார். எங்கள் ஊரில் குடியால் நாசமான வீடுகள் எனக்குத் தெரியும், என் பெரியப்பா வீடு ஒன்று. 'கள்ளுக்கடையைத் திற' என்று யாராவது சொன்னால் பெண்கள் விளக்குமாற்றை எடுப்பார்கள், எடுக்கட்டும், அந்தக் கோபம் அனுபவத்தில் வந்தது. கள்ளில் மயக்க மருந்து கலப்பார்கள் என்ற பயமும் பொய்யல்ல, அந்தக் காலத்தில் கலந்திருக்கிறார்கள், கேரளத்திலும் பிடிபட்டிருக்கிறார்கள். மதுவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த வாதத்துக்கு நான் மரியாதை கொடுப்பேன், ராஜாஜிக்குக் கொடுப்பது போல. ஆனால் இங்கே இருப்பது மதுவிலக்கு இல்லையே. நாற்பது டிகிரி சரக்கை அரசே தெருவுக்குத் தெரு விற்றுக்கொண்டு, அதைவிட எவ்வளவோ குறைவாக ஏறும் கள்ளை உடல்நலத்தின் பெயரால் தடுக்கிறது. அரசுக் கடைச் சரக்குக்குக் காசு போதாதவன் எங்கே போகிறான் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம், மெத்தனால் கலந்த சாராயம், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர். கள் இருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் கேள்வியை நிதானமாக அலசிப் பார்க்க, ஆதரவும் எதிர்ப்பும் பேச, உங்கள் ஹாலைவிட நல்ல இடம் இருக்கிறதா? வக்கீல் இருந்தார், பொருளாதாரப் பேராசிரியர்கள் இருந்தார்கள், கலால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவரே மூன்றாம் வரிசையில் இருந்தார், காபி நேரத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டார். கேட்டதற்குக் கிடைத்தது ஒரு ஜோக்.

தெருவோர வியாபாரிகள் பற்றி ஒரு அமர்வும் இல்லை. 2014-லேயே அவர்களுக்கென்று மத்தியச் சட்டம் வந்தாயிற்று, கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்து விற்பனை இடம் ஒதுக்க வேண்டும் என்று, ஆனாலும் ஓட்டல் வாசலுக்கு எதிரே இளநீர் விற்கிற அம்மாவை முதல் நாள் மத்தியானம் கிளப்பிவிட்டார்கள், விஐபி கார் வருகிறதாம். எந்த விஐபி? தொழில் சுதந்திரம் பற்றிப் பேச வந்தவர்தான். இதை நான் கதைக்காக வைக்கவில்லை, அவரிடம் தினமும் நாற்பது ரூபாய்க்கு இளநீர் குடிக்கலாம் என்று நினைத்திருந்தேன், பொள்ளாச்சிக் காய், ரெண்டாம் நாள் ஆளைக் காணோம்.

ராஜாஜி தன் பொருளாதாரச் சண்டையை ஆங்கிலத்தில் மட்டும் போடவில்லை என்பதும் உங்களுக்கு நினைவிருக்கட்டும். 'கல்கி'யில் தமிழில் எழுதினார், ராமாயணம் படிக்கிற பாட்டிமாருக்குப் புரிகிற தமிழ் அது. நீங்கள் கொடுத்த பையில் ஏழு புத்தகம் இருந்தது, ஒன்றுகூடத் தமிழில் இல்லை. பை நன்றாக இருக்கிறது, மனைவி கறிகாய் வாங்க எடுத்துப் போகிறாள், உழவர் சந்தைக்கு.

அடுத்த வருஷம் மறுபடி நடத்துவீர்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். என் யோசனை இது. பயணப்படி படிவத்தை நான் நிரப்பவில்லை, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சேர்த்துப் போக வர 2,140 ரூபாய் ஆனது, அதை எனக்கு அனுப்ப வேண்டாம். கள்ளுக்கென்று ஒரு அமர்வு வையுங்கள், முழுசாக ஒன்றரை மணி நேரம், மதுவிலக்குக்காகப் போராடுகிற பெண்களில் ஒருவரையும் அந்தக் கலால் அதிகாரியையும் மேடையில் உட்கார வையுங்கள். மரம் ஏறும் அண்ணனிடம் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், சென்னை வந்து ரெண்டு வார்த்தை பேச முடியுமா என்று. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, முடியாது என்றார். பாளையை ரெண்டு வேளையும் சீவியாக வேண்டும், ஒரு நாள் விட்டாலே வெட்டுவாய் காய்ந்து ஊறல் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அந்தப் பாளை போனது போனதுதான், கம்பெனிக்காரன் யாரிடம் கேட்பான்? வேலைக்கு இடையில் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் மூன்று வரைதான் அவருக்கு ஒழிவு. ஆகவே நீங்கள்தான் இங்கே வர வேண்டும். பொள்ளாச்சியில் கல்யாண மண்டபங்கள் நிறைய இருக்கின்றன, ஆடி மாதம் என்றால் பாதி வாடகைக்குக் கிடைக்கும், நான் பேசி வைக்கிறேன். நாடா எல்லாருக்கும் ஒரே நிறத்தில் இருந்தால் நல்லது, அண்ணனுக்கு நிறம் பற்றிக் கவலையில்லை, கழுத்தில் எதுவும் தொங்கினால் மரம் ஏறும்போது மட்டையில் மாட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
சாம்பல் நாடாக்காரன்